கொடி அறுத்த கைகள்: பேறுகாலப் பணியும் சாதியும்



நினைவுப் பேருரை என்றால் பெயர் தெரிந்த ஒருவரை நினைவுகூர்வது வழக்கம். இன்று இந்த மேடையைப் பெயர் பதிவாகாத பெண்களுக்காகவும் சிறிது பயன்படுத்திக்கொள்ள விரும்புகிறேன். நம் பாட்டன் பாட்டிகள் பிறந்தபோது அவர்களை முதலில் ஏந்தியது பெரும்பாலும் ஒரு மருத்துவச்சியின் கைதான். தொப்புள்கொடியை அறுத்தது அந்தக் கை. நஞ்சுக்கொடியைப் புதைத்ததும், இரத்தம் தோய்ந்த துணியை வாரியதும் அதே கைதான். அந்தக் கைக்கு நம் வரலாற்றில் என்ன இடம் தரப்பட்டது என்பதே இன்றைய பேச்சு.

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் பலர் செவிலியராகவோ மருத்துவராகவோ சமூகப் பணியாளராகவோ ஆக விரும்புகிறவர்கள். உங்களுக்கு இப்போதெல்லாம் ஓர் அறிவுரை சொல்லப்படுகிறது. படிப்பில் சேரும் முன் ஒரு மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ சில நாட்கள் நின்று பாருங்கள். நோயாளியைத் தூக்கிப் பழகுங்கள். இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்று கையால் அறிந்துகொள்ளுங்கள் என்கிறார்கள். நல்ல அறிவுரைதான். பிறருக்கு உதவும் தொழில் எதையும் புத்தகத்தில் மட்டும் கற்றுவிட முடியாது.

ஆனால் சிறு வயதிலேயே கைப்பழக்கம் பெற்றிருப்பதுதான் தகுதி என்றால், இந்த நாட்டில் மிக உயர்ந்த தகுதி பெற்றவர்களாக மருத்துவச்சிகள் இருந்திருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதில் தாயின் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு போய், பேறுகால அறையின் மூலையில் நின்று கற்றவர்கள் அவர்கள். அந்தக் கைப்பழக்கம் அவர்களுக்குத் தகுதியாகவில்லை, பிறவி இழிவாகவே கணக்கிடப்பட்டது. அதே வேலையை வேறு சிலர் தொட்டுப் பார்த்தபோது அது சேவையாகவும் துணிச்சலாகவும் பிறகு தொழிலாகவும் ஆனது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

ஒரு பணி தொழிலாக ஆவதற்கு அதைச் செய்பவருக்கு மூன்று உரிமைகள் வேண்டும் என்று நான் நினைக்கிறேன். செய்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதலாவது. வேண்டாம் என்று விலகும் உரிமை இரண்டாவது. செய்ததற்குப் பெயரும் சான்றும் ஊதியமும் பெறும் உரிமை மூன்றாவது. இந்த மூன்றும் யாருக்குக் கிடைத்தன, யாருக்கு மறுக்கப்பட்டன என்று பார்த்துக்கொண்டே போவோம்.

தேர்ந்தெடுத்த கையும் தவறு செய்த கையும்

முதலில் ஐரோப்பாவிலிருந்து இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். நம் ஊர்க் கதையை அளந்து பார்க்க அவை உதவும்.

நவீன செவிலியப் பணியின் முன்னோடி என்று எல்லாப் பாடநூல்களும் சொல்லும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், செல்வம் மிகுந்த ஆங்கிலேயக் குடும்பத்தில் 1820இல் பிறந்தவர். அன்றைய இங்கிலாந்தில் நோயாளிகளைப் பராமரிப்பது ஏழைப் பெண்கள் செய்யும் மதிப்பற்ற வேலை. அவருடைய குடும்பம் எதிர்த்தது. ஆனாலும் 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் இருந்த கிறித்தவப் பராமரிப்பு நிறுவனத்தில் ஏறக்குறைய மூன்று மாதங்கள் தங்கி, நோயாளிகளோடு இருந்து வேலை கற்றுக்கொண்டார். 1854இல் கிரிமியப் போர்முனைக்குப் போனார். 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அவருடைய உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அவருக்குக் கிடைத்த வாய்ப்பின் வடிவத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அவர் செய்து பார்க்கலாம். பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். வந்தால் வீடு இருக்கிறது. மூன்று மாதப் பழக்கம் அவருக்கு ஒரு தொடக்கமாக அமைந்தது.

இரண்டாவது நிகழ்வு வியன்னாவில் நடந்தது. அங்கிருந்த பொது மருத்துவமனையில் இரண்டு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றார்கள். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பயிற்சி பெற்றார்கள். மாணவர்கள் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார்கள் 1840களின் முதல் பாதியில் சராசரியாக நூற்றுக்குப் பத்துப் பேரை ஒட்டி இருந்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவில் அது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. மாணவர்கள் பிரிவு வேண்டாம் என்று பெண்கள் கெஞ்சினார்கள். இதற்குக் காரணத்தை 1847இல் இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டுபிடித்தார். மாணவர்களும் மருத்துவர்களும் பிணப் பரிசோதனை செய்த கையோடு வந்து பிரசவம் பார்த்தார்கள். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்ததும் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. மருத்துவ உலகம் அவரை உடனே ஏற்கவில்லை. படித்த கனவான்களின் கை அழுக்காக இருக்க முடியும் என்பதை நம்ப அவர்களுக்கு மனம் வரவில்லை.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அழுக்கு கையில் இருந்தது. கழுவினால் போயிற்று. யாரும் அதை அந்த மருத்துவர்களின் குலத்தில் ஏற்றிச் சொல்லவில்லை.

ஒருமுறை தொட்டவரும் நாள்தோறும் தொட்டவர்களும்

இந்தியாவுக்கு வருவோம். 1835இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு, மதுசூதன் குப்தா என்ற வைத்தியக் குடும்பத்தவர் அங்கே மனித உடலை அறுத்துப் பரிசோதித்தார். பிணத்தைத் தொடுவது தீட்டு என்று கருதிய சமூகத்திலிருந்து வந்த ஒருவர் அதைச் செய்ததால், இந்திய மருத்துவ வரலாற்றின் திருப்புமுனை என்று அது எழுதப்படுகிறது. அன்று கோட்டையில் பீரங்கி முழங்கியதாகவும் சொல்வதுண்டு.

அவர் செய்தது துணிச்சலான செயல்தான். ஆனால் வங்கத்திலும் வட இந்தியாவிலும் பிணத்தைத் தூக்குவதும் எரிப்பதும் டோம் மக்களின் மேல் சுமத்தப்பட்ட வேலை. பிணவறைகளிலும் அந்த வேலை அவர்களிடமே விடப்பட்டது. சாதியைத் தாண்டி ஒருவர் ஒருமுறை தொட்டதற்கு வரலாற்றில் தேதி இருக்கிறது. சாதியின் பெயரால் நாள்தோறும் தொட வைக்கப்பட்டவர்களுக்குத் தேதி இல்லை. மருத்துவச்சிகளின் கதையும் இதே போக்கில்தான் போகிறது.

சென்னை: யார் உடலில் கற்றார்கள்?

சென்னை எழும்பூரில் அரசு பிரசவ மருத்துவமனை 1844இல் தொடங்கப்பட்டது. இன்றும் எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனையாக அது இயங்குகிறது. தொடக்க காலத்தில் சாதி இந்துப் பெண்கள் அங்கே அதிகம் வரவில்லை. பொது மருத்துவமனையில், யார் யாரோ படுத்த கட்டிலில் பிள்ளை பெறுவது அவர்களுக்குத் தீட்டு. வந்தவர்கள் ஏழைப் பெண்கள், ஆங்கிலோ-இந்தியப் பெண்கள், சேரிப் பெண்கள்.

1860களில் கணவரோடு சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண், இந்த நாட்டுப் பெண்கள் பேறுகாலத்தில் படும் துன்பத்தைக் கேள்விப்பட்டார். முதலில் எழும்பூர் மருத்துவமனையில் பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றார். கையால் செய்து பார்த்த பிறகுதான் முழு மருத்துவக் கல்வி வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது அவர்களில் ஒருவரானார். பெண்களுக்கு மருத்துவக் கல்வி தரலாமா என்று இங்கிலாந்திலேயே சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. பிறகு லண்டனில் பட்டம் பெற்று 1883இல் சென்னைக்குத் திரும்பினார். இங்கே ஒரு பெண்கள் மருத்துவமனை 1885இல் உருவாக அவரே முதன்மைக் காரணம்.

அந்த மருத்துவமனையின் பெயரைக் கேளுங்கள்: சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனை. கோஷா என்றால் திரைக்குள் வாழும் முஸ்லிம் பெண்கள். சாதிப் பெண்கள் என்றால், சாதிக்கு உள்ளே இருப்பவர்கள். சாதிக்கு வெளியே நிறுத்தப்பட்ட நம் பெண்கள் அந்தப் பெயரில் இல்லை.

இதன் பொருளை நிதானமாக யோசிக்க வேண்டும். பிரசவம் பார்க்கும் கை எழும்பூரில் பழகியது. அங்கே வந்து படுத்தவர்கள் ஏழைகள், சாதியற்றவர்கள். அவர்கள் உடலில் கற்ற திறமையைக் கொண்டு எழுப்பப்பட்ட புதிய நிறுவனத்தின் பெயர்ப்பலகை அவர்களை வெளியே நிறுத்தியது. ஷார்லீப்பின் நல்ல எண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. சாதிப் பெண்கள் வர வேண்டுமானால் தனி இடம் வேண்டும் என்பது அன்றைய நடைமுறைக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கின் விலையைக் கொடுத்தது யார் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

திருவல்லிக்கேணியில் கடற்கரைக்கு அருகே இன்று அரசு கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக இருப்பது அதுதான். சென்னை மக்கள் இன்னமும் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்கிறார்கள். பழைய பெயரில் இருந்த ‘சாதி’ வழக்கிலிருந்து உதிர்ந்துவிட்டது. எவ்வளவு வசதியான மறதி!

ஊரும் சேரியும்

அந்த நாளில் நகரத்து மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள் மிகச் சிலர். மற்ற எல்லாப் பிள்ளைகளும் வீட்டில்தான் பிறந்தன. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் ஊர்ப் பிரசவங்களைப் பார்த்தவர்கள் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள். மருத்துவர் என்பது அந்தச் சமூகத்தின் பெயராகவே இன்றும் இருக்கிறது. ஆண்கள் கட்டி அறுப்பதும் காயம் ஆற்றுவதும் செய்தார்கள். பெண்கள் மருத்துவச்சிகளாக இருந்தார்கள். மருத்துவம் என்ற சொல்லையே பெயராகக் கொண்ட ஒரு சமூகத்தைத் தாழ்ந்ததாக வைத்திருந்த நாடு இது.

சேரிக்கு அந்த மருத்துவச்சிகளும் வரமாட்டார்கள். சேரிப் பெண்களின் பேறுகாலத்தைச் சேரிப் பெண்களே பார்த்தார்கள். பிள்ளைபேற்றுத் துணிகளை வெளுத்துத் தந்தவர்கள், ஒடுக்கப்பட்டவர்களிலும் கடைசியில் நிறுத்தப்பட்ட புதிரை வண்ணார் பெண்கள். தீட்டு ஒருவரோடு நிற்பதில்லை. கீழே இன்னொருவரைத் தேடிப் போகிறது. வட இந்தியாவில் தாயி என்று அழைக்கப்பட்ட மருத்துவச்சிகள் பெரும்பாலும் சமார் போன்ற தலித் சாதிகளைச் சேர்ந்தவர்கள். அங்கே கொடி அறுக்கும் வேலை முழுக்கத் தலித் பெண்ணின் வேலை. பிள்ளை பிறக்கும்போது அவள் வீட்டுக்குள் வரலாம், ஏனென்றால் அப்போது வீடே தீட்டில் இருக்கிறது. தீட்டுக் கழித்த பிறகு அவள் வாசலோடு நிற்க வேண்டும். தான் ஏந்திய பிள்ளையைப் பிறகு தொடக்கூட முடியாது.

நம் பகுதியிலிருந்து இப்படிப்பட்ட ஒரு பெண்ணின் வாழ்க்கை புத்தகமாக வந்திருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே ஒரு கிராமத்தில் வாழ்ந்த விராம்மா, பறையர் சமூகத்துப் பெண்; வயலில் கூலி வேலை செய்தவர்; பாட்டுக்காரி; மருத்துவச்சி. ஜோசியான் ராசின் என்ற ஆய்வாளரிடம் பல ஆண்டுகள் தமிழில் அவர் சொன்ன வாழ்க்கைக் கதை 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் நூலாயிற்று. பிறர் பிள்ளைகளை உலகுக்குக் கொண்டுவந்த விராம்மா, தான் பெற்ற பன்னிரண்டில் பெரும்பாலான பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். தலித் மருத்துவச்சியின் குரல் இவ்வளவு விரிவாகப் பதிவானது அரிது. அதுவும் முதலில் அயல்மொழியில்தான் அச்சேறியது.

அவர்கள் கற்ற முறையையும் சொல்ல வேண்டும். வயிற்றைத் தடவிப் பிள்ளையின் தலை எங்கே இருக்கிறது என்று அறிவது, பொய் வலியையும் மெய் வலியையும் பிரிப்பது, பனிக்குடம் உடையும் வரை பொறுத்திருப்பது, தாய்க்குக் காயம் இடித்துக் கொடுப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக வலியில் இருப்பவளை விட்டு நகராமல் பேசிக்கொண்டே இருப்பது. இவற்றைக் கண்ணால் பார்த்தும் கையால் செய்தும் கற்றார்கள். கூலி என்பது கொஞ்சம் நெல், ஒரு பழைய சேலை, வெற்றிலை பாக்கு. அறிவு இருந்தது. ஆனால் அதை அறிவு என்று யாரும் சொல்லவில்லை.

அவர்கள் கையில் சாவும் நடந்தது. துருப்பிடித்த கத்தியால் அறுத்த கொடி வழியாக இரணஜன்னி வந்து பிள்ளைகள் இறந்தன. குறுக்கே கிடந்த பிள்ளையை எடுக்க வழியில்லாமல் தாய்கள் இறந்தார்கள். நம் பாட்டிகள் என்பதற்காக இதை மறைக்கத் தேவையில்லை. செம்மல்வைஸ் கண்டது வியன்னாவில் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தரப்பட்டது. சேரிக்கு யார் வந்து சொல்லித் தந்தார்கள் என்பதே என் கேள்வி.

குற்றவாளிக் கூண்டில் மருத்துவச்சி

சொல்லித் தர முயற்சிகளே இல்லை என்று கூற முடியாது. அமிர்தசரஸில் 1860களிலேயே தாயிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. 1885இல் டஃபரின் சீமாட்டி நிதியும், 1903இல் கர்சன் சீமாட்டியின் முயற்சியில் விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியும் ஏற்பட்டன. பின்னது தாயிகளைப் பயிற்றுவிக்கவே உருவானது. ஆனால் அன்றைய எழுத்துகளில் இந்தப் பெண்களைப் பற்றி வரும் சொற்கள் அழுக்கு, அறியாமை, மூடத்தனம் ஆகியவைதான். 1927இல் வெளிவந்த கேத்தரின் மேயோவின் ‘மதர் இந்தியா’ இதை உலகம் முழுவதும் கொண்டுசென்றது. தீண்டப்படாத சாதியில் பிறந்த தாயியின் அழுக்குக் கையில் இந்தியப் பெண் சாகிறாள் என்ற சித்திரம் அதில் வந்தது. காந்தி அந்த நூலைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்று கண்டித்தார். தேசியவாதிகள் நாட்டின் மானத்துக்காகப் பதில் எழுதினார்கள். அந்தச் சண்டையில் தாயி இரண்டு பக்கத்திலும் பேசவில்லை. அவளுடைய கையில் ஏன் சோப்பு இல்லை, அவள் சேரியில் ஏன் தண்ணீர் இல்லை என்ற கேள்வி பெரிதாக எழவும் இல்லை. 1927ஆம் ஆண்டில்தான் மகாட் குளத்தில் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக அண்ணல் அம்பேத்கர் போராடினார் என்பதை இதோடு சேர்த்து வாசியுங்கள். பொதுக் குளத்தைத் தொட விடாமல் தடுத்துவிட்டு, கை அழுக்காக இருக்கிறது என்றது சமூகம்.

இதற்கு முந்தைய ஆண்டில், 1926இல், சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பயிற்சி பெற்றுப் பதிவு செய்துகொண்டவர்களின் தொழிலாக அது ஆயிற்று. மக்களின் பாதுகாப்புக்கு இப்படி ஒரு சட்டம் தேவைதான். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத, பள்ளிக்கூட வாசல் மறுக்கப்பட்ட பரம்பரை மருத்துவச்சிக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. மருத்துவச்சி என்ற சொல் பதிவேட்டுக்குப் போயிற்று. மருத்துவச்சி வெளியே நின்றாள். 1946இல் போர் குழு அறிக்கை, போதிய பயிற்சி பெற்றவர்கள் கிடைக்கும் வரை தாயிகளுக்குப் பயிற்சி தந்து பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது. 1977இல் தொடங்கிய ஊரக நலத் திட்டத்தில், ஆயிரம் மக்களுக்கு ஒரு பயிற்சி பெற்ற தாயி என்று திட்டமிட்டார்கள். பெட்டியும் பிளேடும் தந்தார்கள். அரசு ஊழியராக ஆக்கவில்லை. 2004இல் உலக சுகாதார நிறுவனம், திறன்பெற்ற பேறுகாலப் பணியாளர் என்பதற்குத் தந்த வரையறையில் பயிற்சி பெற்ற பரம்பரை மருத்துவச்சிகளும் இடம்பெறவில்லை. ஆள் பற்றாக்குறை இருக்கும் வரை கை தேவைப்பட்டது. பற்றாக்குறை தீரும் வேளையில் கையை விட்டுவிட்டார்கள்.

தானே தொட்ட கை

பிறப்பு விதிக்காமல், கொள்கையால் இந்தப் பணிக்கு வந்தவர்களும் நம் மரபில் உண்டு. 1863இல் புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும், கருவுற்ற விதவைகள் மறைவாகப் பிள்ளை பெற்றுக்கொள்ள ஒரு காப்பகம் நடத்தினார்கள். அங்கே வந்தவர்களில் பலர் பார்ப்பன விதவைகள். அவர்களுடைய வீடுகள் அவர்களைச் சாகச் சொன்னபோது, மாலி சமூகத்தைச் சேர்ந்த சாவித்திரிபாய் அவர்களைப் பராமரித்தார். அப்படிப் பிறந்த யஷ்வந்த் என்ற பிள்ளையைத் தத்தெடுத்து மருத்துவராக்கினார்கள். 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது, தாயும் மகனும் ஊருக்கு வெளியே சிகிச்சை முகாம் நடத்தினார்கள். முண்ட்வாவின் மகர் குடியிருப்பில் நோயுற்ற சிறுவன் ஒருவனைச் சாவித்திரிபாய் தானே தூக்கிச் சுமந்து முகாமுக்குக் கொண்டுவந்தார். அவருக்கும் நோய் தொற்றியது. அந்த ஆண்டு மார்ச் 10ஆம் நாள் இறந்தார்.

அரசு ஆட்களும் நோயாளிகளைத் தூக்கிப் போனார்கள்; மக்கள் அவர்களுக்கு அஞ்சி ஒளிந்தார்கள். சாவித்திரிபாயின் கை அன்போடு தொட்டது. தமிழ்நாட்டில் பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவராக வாழ்ந்தவர் என்பதும் இங்கே நினைவுக்கு வர வேண்டும். 1907இல் ‘தமிழன்’ இதழைத் தொடங்கிய அந்தக் கை நோயாளியின் நாடியையும் பிடித்த கை. நம் முன்னோடிகளுக்கு எழுத்தும் சிகிச்சையும் தனித்தனியாக இருக்கவில்லை.

மறுத்த கை

இனி, இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதிக்கு வருகிறேன். 1950களில் தொடங்கி உத்தரப் பிரதேசத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் நாரா-மவேசி இயக்கம் என்று ஒன்று நடந்தது. நாரா என்றால் தொப்புள்கொடி, மவேசி என்றால் கால்நடை. கொடி அறுக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று சமார் மக்கள் அறிவித்தார்கள். ஆதிக்கச் சாதியினர் அடித்தார்கள், வழிகளை அடைத்தார்கள், கூலியை நிறுத்தினார்கள். ஆனாலும் மறுப்பு ஊர் ஊராகப் பரவியது. அந்த இயக்கத்தின் பாதி, பெண்களின் கை சம்பந்தப்பட்டது. வலியில் ஒருத்தி கதறும்போது வரமாட்டேன் என்று சொல்வது எளிதான முடிவல்ல. அந்த முடிவுக்கு அவர்களைத் தள்ளியது எவ்வளவு காலத்து அவமானம் என்று எண்ணிப் பாருங்கள்.

உதவும் தொழிலை மறுப்பது மனிதத்தன்மைக்கு எதிரானது இல்லையா என்று சிலர் கேட்பார்கள். கட்டாயத்தால் செய்யப்படுவது உதவி ஆகாது என்பதே என் பதில். சாதி வேலைகளைப் பிரித்ததோடு நிற்காமல், வேலை செய்பவர்களையே மேல் கீழாக அடுக்கியது என்றும், மனிதரின் விருப்பத்துக்கும் திறமைக்கும் அதில் இடமில்லை என்றும் அண்ணல் 1936இல் விளக்கினார். மறுக்க முடிந்த பிறகுதான் ஒருவர் ஒரு வேலையை விரும்பிச் செய்கிறார் என்று சொல்லவே முடியும்.

நம் ஊரிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நம் மக்கள் மறுத்தார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள். பிறகு அடுத்த தலைமுறை அதே பறையை விடுதலையின் கருவியாக மேடையில் எடுத்தது. இன்று கல்லூரி மாணவர்கள் சாதி கடந்து பறை கற்கிறார்கள். மறுப்பும் மீட்பும் இரண்டும் நடந்தன. மருத்துவச்சியின் கையில் மறுப்பு நடந்தது; மீட்பு நடக்கவில்லை. அவளுடைய அறிவுக்கு மேடை இல்லை. அது பெண்களின் உடலுக்குள், மூடிய அறைக்குள் நடந்த வேலை. இயக்கங்களை நடத்திய ஆண்களுக்கும் அது பெரும்பாலும் கண்ணில் படவில்லை.

இன்று என்ன செய்வது?

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றுப்படி (2019-21), தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. தாய்மாரும் சிசுக்களும் சாவது பெரிதும் குறைந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களும், வெயிலில் நடக்கும் கிராம சுகாதார செவிலியர்களும் சாதித்த வெற்றி இது. பழைய நாளுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் பேச வரவில்லை. வீட்டுப் பிரசவத்தை இயற்கை வாழ்வு என்று விற்கும் வசதி படைத்தவர்களின் புது மோகத்துக்கும் நமக்கும் தொடர்பில்லை.

ஆனால் அதே கணக்கெடுப்பில் அறுவைப் பிரசவம் 44.9 விழுக்காடு. பொறுத்திருக்கத் தெரிந்த கை குறைந்துவிட்டது என்பதை அரசும் உணர்ந்திருக்கிறது. 2018இல் ஒன்றிய அரசு பேறுகாலப் பணிக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டு, செவிலியம் படித்தவர்களுக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி தந்து தேர்ந்த மருத்துவச்சிகளாக்கத் திட்டமிட்டது. 2023இல் தேசிய செவிலியம் மற்றும் மருத்துவச்சிப் பணி ஆணையச் சட்டம் வந்தது. மருத்துவச்சி திரும்பி வருகிறாள், இம்முறை சான்றிதழோடும் மரியாதையோடும். அவள் யாருடைய மகளாக இருப்பாள்? விராம்மாக்களின் பேத்திகளுக்கு அந்த இருக்கைகளில் எத்தனை?

பிரசவ அறையில் இன்று தரையில் சிந்திய இரத்தத்தைத் துடைப்பவர், நஞ்சுக்கொடியை வாளியில் எடுத்துப் போகிறவர், ஒப்பந்தத்தில் வேலை செய்யும் துப்புரவுப் பெண். அவர் பெரும்பாலும் நம்மவர். பிறப்பு வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு இடம்மாறியபோது, அறிவு ஒரு பக்கமும் தீட்டு மற்றொரு பக்கமும் பிரிந்து போயின. அறிவுக்குப் படிப்பு, சீருடை, ஓய்வூதியம். தீட்டுக்குத் தினக்கூலி. 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தும் மருத்துவக் கல்லூரி வாசல் மறுக்கப்பட்ட குழுமூர் அனிதாவை 2017இல் இழந்தோம். சான்று பெறும் உரிமை இன்னமும் நமக்கு எத்தனை பூட்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

எனவே நான்கு வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, எஞ்சியிருக்கும் மருத்துவச்சிகளைத் தேடிப் போய்ப் பேசுங்கள். எண்பதைக் கடந்த பாட்டிகள் அவர்கள்; காலம் குறைவு. என்ன மருந்து கொடுத்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். யாரிடம் கற்றாய், யார் வீட்டில் எந்த வாசல் வழியாகப் போனாய், என்ன கொடுத்தார்கள், எப்போது மறுத்தாய் என்று கேளுங்கள். அதுவே நம் வரலாறு.

இரண்டு, செவிலியம், மருத்துவச்சிப் பயிற்சி, மருத்துவமனை ஒப்பந்த வேலை ஆகியவற்றில் சாதிவாரியான விவரம் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. துப்புரவுப் பணியில் இருக்கும் பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் செவிலியப் படிப்புக்குப் போக உதவித்தொகையோடு கூடிய வழி வேண்டும் என்று போராடுங்கள்.

மூன்று, அரசுப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் செய்து பார்க்கும் வாய்ப்பை உருவாக்குங்கள். மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கு அது சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கிறது. நம் பிள்ளை மருத்துவமனைக்கு நோயாளியாகவோ, துப்புரவு வேலைக்குப் போகும் அம்மாவுக்குத் துணையாகவோதான் போகிறது. சுகாதார நிலையத்தில் ஒரு வாரம் செவிலியரோடு நின்று பார்த்து, பிறகு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அந்தப் பிள்ளை சொல்லட்டும். வேண்டாம் என்று சொன்னால் அதையும் மதியுங்கள். அந்தச் சொல்லைச் சொல்ல முடியாமல் எத்தனையோ தலைமுறைப் பெண்கள் போய்விட்டார்கள்.

நான்காவது, இந்தத் தொழில்களில் நுழையும் மாணவர்களுக்கு. நீங்கள் கற்கப்போவது ஏழைகளின் உடலில்தான். அரசு மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவள் உங்கள் பாடப்புத்தகம் அல்ல. தொடும் முன் பெயரைக் கேளுங்கள், அனுமதி கேளுங்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். வலியில் இருப்பவளை அதட்டாதீர்கள். எழுத்தறியாத மருத்துவச்சிகள் விடிய விடியப் பேசிக்கொண்டே உடன் இருந்தார்கள் என்று சொன்னேன். அவர்களிடமிருந்து எந்தப் பட்டப்படிப்பும் இன்னும் முழுதாகக் கற்றுக்கொள்ளாத பாடம் அது.

வெள்ளைச் சீருடை அணிந்து, கையைச் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு, பிறக்கும் குழந்தையை ஏந்த நம் வீட்டுப் பெண்கள் இன்று தயாராக நிற்கிறார்கள். அந்தக் குழந்தை எந்தச் சாதி வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். அதை ஏந்திய பிறகு யாரும் அவர்களை வாசலில் நிறுத்த முடியாத நாள் வரும் வரை நம் வேலை முடியவில்லை.